ஹைபிரிட் காரில் பெட்ரோல் சிக்கனம்

1997-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வாயிலாகப் பொதுஜன உபயோகத்திற்கு வந்த ஹைபிரிட் கார், மற்ற வண்டிகளில் வேகம் குறையும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேமிக்கும் விசேஷ குணம் உடையதாதலால், அதனை ஓட்டுவோர் முதலில் பழகவேண்டியது பிரேக்கை மிதிக்கும் முறையேயாகும். சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெல்ல, நீண்ட நேரம் அழுத்தி நிறுத்தினால், மோட்டாரே ஜெனரேட்டராகிச் சக்கரங்களின் சுழற்சியை மின்சாரமாக்கித் தரும். கடைசி நிமிஷத்தில் ஓங்கி மிதித்தாலோ, அச்சக்தியில் பெரும்பகுதி பிரேக்குத் தகடுகளில் உஷ்ணமாகக் கரைந்து போகும்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிச் செல்லும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அந்நிலையில் பாட்டரிக்கு மின்சாரம் ஏறாது, அபாயமும் உண்டு. எந்நேரமும் மின்சாரத்திலேயே ஊர்வோம் என்ற பிடிவாதமும் வேண்டாம். செலவான மின்சாரத்தைப் பின்னர் பெட்ரோல்தான் பெரும்பாலும் ஈடுசெய்ய நேரும். வேண்டிய வேகத்தைத் தயக்கமின்றி எட்டி, பிறகு காலைத் தளர்த்துவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

டயர்க் காற்றை மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் பாருங்கள். பல வண்டிகளில் பின் இருக்கையருகே பாட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கும். பையோ துணியோ அதனை மறைக்கலாகாது.