கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை

(வீட்டு வீடியோக்களை டி.வி.டி.யில் பதிவு செய்து கொடுக்கும் அங்கத்தினர்களுக்காக)



காலி டி.வி.டி. விற்பதும், அதில் படம் ஏற்றிக் கொடுப்பதும் போய்விட்ட தொழில் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. கல்யாண வீட்டார் இப்போது பென்டிரைவ் கேட்கிறார்கள். பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் பல வீடுகளில் டி.வி. மேசையின் கீழ்த் தட்டில் ஒரு டி.வி.டி. பிளேயர் துணி போர்த்தி இருக்கத்தான் செய்கிறது. பெரியவர்களுக்கு அதுதான் சுலபம். பீரோவுக்குள் வி.எச்.எஸ். டேப்புகளும் இருக்கின்றன. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ல் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியபின் டேப்பைப் போட்டுப் பார்க்கப் புது மிஷின் கிடையாது. ஆகவே டேப்பை டி.வி.டி.யாக மாற்றித் தரும்படி ஸ்டூடியோவுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்களே தவிர, நின்றுபோகவில்லை.

மதுரையில் நாங்கள் ஆடியோ கேசட் காலத்திலிருந்து இந்தச் சரக்கில் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். சென்ற ஆவணியில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் 50 டிஸ்க் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அண்ணாச்சி, இந்த லாட் சரக்கே சரியில்லை. 18 டிஸ்க் ரைட் பண்ணினேன், ஒண்ணுகூட பிளேயர்ல ஓடலை. பார்ட்டிங்க கடைக்கு வந்து சத்தம் போடுறாங்க" என்றார்.

சரக்கு மோசம் என்றால் மாற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் பார்க்காமல் மாற்றுவதில்லை. கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். 18-ம் திறந்தன, படமும் சத்தமும் வந்தன. பிறகு கடையிலிருந்த மூன்று பிளேயர்களில் போட்டோம். எதிலும் ஓடவில்லை. சரக்கு கெட்டிருந்தால் பத்தில் இரண்டு மூன்று போகும். பதினெட்டும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரில் ஓடி, பிளேயரில் மட்டும் நிற்காது. குற்றம் டிஸ்கில் இல்லை, பதிவு செய்த முறையில் இருந்தது.

அந்தப் பதினெட்டில் ஒன்று ஓர் ஆச்சியினுடையது. 1996-ல் அவர் கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த டேப். கடைசியில் அந்தப் பெரியவர் இரண்டு நிமிடம் பேசுகிறார். அவர் இன்று இல்லை. அவர் குரல் வேறு எதிலும் இல்லையாம். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்து ஒருமுறை ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள், மறுமுறை ஓட்டும்போது அறுந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கடைப்பையன் ஃபைலையும் அழித்துவிட்டான். ஆக மிஞ்சியது அந்த ஒரு டிஸ்க்தான். பிளேயரில்தான் கோளாறு என்று எண்ணி ஆச்சி புதுப் பிளேயரே வாங்கிவிட்டார். அதிலும் ஓடவில்லை.

குடோனும் கடை அலமாரியும்

நடந்தது இதுதான். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும் வீடியோ பெரும்பாலும் எம்.பி.4 ஃபைல். அதை அப்படியே டிஸ்கில் நகல் எடுத்திருக்கிறார்கள். மூட்டையைக் குடோனில் இறக்குவது போன்றது இது. சரக்கு இருக்கிறது, எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். சாதாரண டி.வி.டி. பிளேயருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்ன தட்டில் இன்ன பொட்டலம், இன்ன எடை என்று அடுக்கியிருந்தால்தான் அது எடுத்துக் கொடுக்கும்.

அந்த அடுக்குமுறைக்கு டி.வி.டி. வீடியோ என்று பெயர். படம் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும். நம் நாட்டுக்குரிய 'பால்' முறையில் (ஆவின் பால் அல்ல, டி.வி. ஒளிபரப்பு முறையின் பெயர்) அகலம் 720, உயரம் 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக, டால்பி ஏ.சி.-3, எம்பெக் அல்லது பி.சி.எம். வகையாக இருக்க வேண்டும். இவையெல்லாம் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டருக்குள் ஐ.எஃப்.ஓ., பி.யு.பி., வி.ஓ.பி. என்ற மூன்று வகை ஃபைல்களாக உட்கார வேண்டும். வி.ஓ.பி.யில் சரக்கு, ஐ.எஃப்.ஓ.வில் அதன் பேரேடு, பி.யு.பி. அந்தப் பேரேட்டின் நகல். பிளேயர் முதலில் பேரேட்டைத்தான் தேடும். அது இல்லையென்றால் டிஸ்கே இல்லை என்று சொல்லிவிடும்.

சில பிளேயர்கள் ஏ.வி.ஐ. ஃபைலையும் பென்டிரைவையும் ஏற்கும். அதை நம்பி வாடிக்கையாளருக்கு ஃபைலாக எழுதிக் கொடுப்பது சரியல்ல. அவர் வீட்டுப் பிளேயர் எது என்று நமக்குத் தெரியாது.

பலர் விழும் குழி ஒன்று உண்டு. காலி டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: யு.எஸ்.பி. டிரைவ் போலப் பயன்படுத்தவா, சி.டி./டி.வி.டி. பிளேயருடன் பயன்படுத்தவா? இரண்டாவதை அமுக்கினால் பிளேயரில் ஓடும் என்று யாருக்கும் தோன்றும். உசிலம்பட்டி நண்பரும் அதைத்தான் செய்திருந்தார். ஆனால் அப்போதும் ஃபைல் அப்படியேதான் எழுதப்படுகிறது, டி.வி.டி. வீடியோவாக மாறுவதில்லை. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 இரண்டின் சில பதிப்புகளில் 'டி.வி.டி. மேக்கர்' என்று ஒரு சாதனம் சேர்ந்தே வந்தது. விண்டோஸ் 8 முதல் அது இல்லை. இப்போது தனியாக ஒரு மென்பொருள் போட்டுக்கொள்ள வேண்டும். 'டி.வி.டி. ஸ்டைலர்' இலவசம். வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டு, பால் என்று தேர்ந்தெடுத்தால் மாற்றுவது, மெனு அமைப்பது, டிஸ்கில் எழுதுவது மூன்றையும் அதுவே செய்துவிடும். பழைய கம்ப்யூட்டரில் படத்தை மாற்றவே சில மணி நேரம் ஆகலாம். இரவில் போட்டுவிட்டுக் கடை அடைத்துப் போவது நல்லது.

அமெரிக்காவில் பிள்ளை இருக்கிறார், அங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு மட்டும் பால் வேண்டாம். அங்கே என்.டி.எஸ்.சி. முறை, 720-க்கு 480. அங்குள்ள பிளேயர்கள் பலவற்றில் நம் பால் டிஸ்க் ஓடாது. நம் ஊர்ப் பிளேயர்கள் அநேகமாக இரண்டையும் ஓட்டும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்து எல்லாம் பால்தான். ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுப் பில்லில் எழுதிக்கொள்வது உத்தமம்.

எத்தனை மணி நேரம் கொள்ளும்?

டப்பாவில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். ஏமாற்று அல்ல. டப்பாக்காரர் 470 கோடி பைட்டை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்று, தராசுக் கல் வேறு.

படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதுதான் தரத்தின் அளவு. பிளேயர் தாங்கும் உச்சம் 10.08. ஆனால் வீட்டில் எழுதிய டிஸ்கை அந்த உச்சத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, பழைய பிளேயர்கள் திணறும். ஒரு மணி நேரப் படத்துக்கு 8 வைத்தால் 3.6 ஜி.பி. ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு 5 வைத்தால் 4.5 ஜி.பி. இந்த அளவில் படம் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்கில் திணிக்கச் சொல்வார்கள். மூன்று ஆள் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தது போல, மேளக்காரர் தலை ஆடும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்காகப் போட்டுக்கொடுத்து இன்னொரு டிஸ்கின் விலையை வாங்கிக்கொள்ளலாம். பழைய வி.எச்.எஸ். டேப்புக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதில் உள்ள நுணுக்கமே குறைவு என்பதால் 352-க்கு 576 என்ற அளவில் வைக்கலாம். இதுவும் டி.வி.டி. விதிக்கு உட்பட்டதே. குறைந்த மெகாபிட்டிலும் படம் உடையாமல் நிற்கும்.

டிஸ்கில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு ஜாதி. மைனஸ் ஆர் 1997-ல் வந்தது, பிளஸ் ஆர் 2002-ல். பழைய பிளேயர்களுக்கு மைனஸ் ஆர் பொருந்தும் என்பது எங்கள் அனுபவம். அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. டிஸ்கை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவே வேண்டாம். அது ஒளியைத் திருப்புவது குறைவு, பல பிளேயர்கள் படிக்காது. டப்பாவில் 16 எக்ஸ் என்று போட்டிருந்தாலும் அந்த வேகத்தில் எழுதுவது அவசியமில்லை. நாங்கள் 4 எக்ஸிலோ 8 எக்ஸிலோ எழுதச் சொல்கிறோம். 4 எக்ஸில் முழு டிஸ்குக்குக் கால் மணி நேரம் ஆகும், ஒரு டீ குடிக்கும் நேரம். கடைசியில் 'பைனலைஸ்' என்று ஒன்று வரும். டிஸ்கைப் பூட்டி முத்திரை வைப்பது அது. கேமராவிலேயே நேராக டிஸ்கில் எடுக்கும் பழைய ஹேண்டிகேம்களில் இதைச் செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். அந்த டிஸ்க் அந்தக் கேமராவைத் தவிர வேறெதிலும் ஓடாது. கேமராவை எடைக்குப் போடுமுன் டிஸ்கைப் பூட்டச் சொல்லுங்கள்.

சரக்கு வாங்குவதிலும் இப்போது கவனம் வேண்டும். தாயோ யூடன் 2015-ல் இத்தொழிலை விட்டது. நம் நாட்டின் மோசர் பேயரைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. சந்தையில் பழைய இருப்பும் கலந்து வருகிறது. புது லாட் வந்தால் இரண்டு டிஸ்க் எழுதி, பிளேயரில் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாண்டிப் பார்த்த பிறகே விற்பனைக்கு வைக்க வேண்டும். டிஸ்க் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக எழுதப்படுகிறது. குறை பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான் தெரியும்.

நாங்கள் செய்த பிழை

வெளி ஓரத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 2006-ல் எங்கள் மூத்த மகள் கல்யாணம். டிஸ்க் நன்றாக ஓடியது. அக்காலத்தில் வட்டமாக வெட்டிய ஒட்டுத்தாள் லேபிள் எங்கள் கடையில் நல்ல விற்பனை. மணமக்கள் படம் அச்சடித்து, எங்கள் கையாலேயே டிஸ்கில் ஒட்டினோம். பார்க்க லட்சணமாக இருந்தது.

டி.வி.டி. என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. எழுத்து இருப்பது இரண்டுக்கும் நடுவே. மேலே காகிதம் ஒட்டினால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் காகிதம் இழுக்கும், டிஸ்க் அப்பளம் போல் லேசாக வளையும். நிமிடத்துக்குப் பல நூறு சுற்றுச் சுற்றும்போது அந்த வளைவு ஓரத்தில்தான் அதிகம் ஆடும். மூன்று கோடை கழிந்ததும் எங்கள் டிஸ்கில் கடைசி இருபது நிமிடம் நின்றுபோயிற்று. அந்த இருபது நிமிடத்தில்தான் எங்கள் தமையனார் மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார். 2009-ல் அவர் காலமானார். காரியம் முடிந்த இரவு டிஸ்கைப் போட்டோம். தாலி கட்டு வந்தது, பந்தி வந்தது, அவர் மேடை ஏறுகிறார், அதோடு நின்றது. வீடியோ எடுத்தவரிடம் போனோம். அந்த டேப்பில் அவர் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் எடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, டேப்பை விலைக்குக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். லேபிளைப் பிய்த்துப் பார்த்தோம், டிஸ்கின் மேல்தகடும் கீறிற்று. அந்த வாரமே லேபிள் இருப்பை மொத்தமாகத் திருப்பி அனுப்பினோம்.

ஆகவே டிஸ்க் மேல் ஒட்டாதீர்கள். மெல்லிய முனை மார்க்கரால் நடு வளையத்தில் பெயரும் தேதியும் எழுதினால் போதும். அழகு வேண்டுமென்றால் மேலேயே அச்சிடத்தக்க வெள்ளை முக டிஸ்க் இருக்கிறது. எழுதிய டிஸ்கை ஷோகேஸ் வெயிலில் வைக்கக் கூடாது, உள்ளே இருப்பது சாயம், வெளுக்கும். வேலை முடிந்த பிறகும் மாற்றிய ஃபைலை ஹார்டு டிஸ்கில் மூன்று மாதமாவது வைத்திருங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவ் கொண்டுவந்தால் அதிலும் ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். டேப்பை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

நாம் பேசுவது வீட்டு வீடியோ மட்டும். சினிமாப் படம் நகல் எடுக்கச் சொல்லி யார் வந்தாலும், பழகியவரானாலும், மறுத்துவிடுங்கள். 2004-ல் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே வீடியோ திருட்டைத் தமிழக அரசு சேர்த்திருக்கிறது. நாற்பது ரூபாய் வேலைக்கு உள்ளே போக வேண்டாம்.

உசிலம்பட்டி நண்பரை அன்று மாலை வரை உட்காரவைத்து, ஆச்சியின் டிஸ்கிலிருந்து ஃபைலை எங்கள் கம்ப்யூட்டருக்கு எடுத்தோம். முதல் வேலையாக அதற்கு இரண்டு பிரதி எடுத்துவைத்தோம். பிறகு முறைப்படி மாற்றி, 4 எக்ஸில் எழுதி, மூன்று பிளேயரிலும் கடைசி இரண்டு நிமிடத்தைப் போட்டுப் பார்த்தோம். பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்து, "எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தார். கடைப்பையன்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

மற்ற 17 டிஸ்கையும் நண்பர் ஊரிலேயே திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டார். ஆச்சிக்கு இரண்டு. டப்பாவில் மீதி 13, ரிட்டர்ன் வேண்டாம் என்று போனில் சொன்னார். ஆச்சி தினமும் விளக்கு வைத்தபிறகு ஒருமுறை போட்டுப் பார்க்கிறாராம். நல்லாயிருந்த பழைய பிளேயரை எடைக்குப் போட்டுவிட்டேனே என்பதுதான் இப்போது அவருக்குக் குறை.