பயணமும் சமூகவியலும்

குடும்பம், தொழில், ஊர் என நிலைபெற்றவற்றையே சமூகவியல் நெடுங்காலம் ஆராய்ந்து வந்தது. பயணம் என்பது இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட வெற்றுப் பொழுதாகவே கருதப்பட்டது.

எனினும், ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சிம்மல் 1908-லேயே ஓர் உண்மையைச் சுட்டினார். பேருந்தும் இரயிலும் டிராமும் வருமுன், மனிதர் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்தவாறு, பேசாமலே அமர்ந்திருக்க நேர்ந்ததில்லை என்றார் அவர். நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வரும் நாம் இதனை நன்கறிவோம்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அர்ரியும் மிமி ஷெல்லரும் 2006-இல் இவ்வாராய்ச்சிக்குப் புதிய நெறி வகுத்தனர். ஆட்கள், பொருள்கள், செய்திகள் ஆகியவற்றின் இயக்கமே சமூகத்தைப் பிணைக்கிறது. ஆயின் அவ்வியக்கம் நடைபெற, விமான நிலையம், சாலை முதலியன அசையாது நிற்றல் வேண்டும் என்பது அதன் சாரம்.

சான்று ஒன்று காண்போம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வழி பல நாள் அடைபட்டது. இடைவழியில் சிக்கிய பயணிகளைப் பற்றி உலகமே பேசியது. அதே நாள்களில் கென்யாவின் மலர்ப் பண்ணைகளில், ஐரோப்பியச் சந்தைக்கெனப் பறித்த பூக்கள் வாடி வீணாயின. தொழிலாளர் பலர் வேலையின்றி வீடு திரும்பினர். விமானம் ஏறியறியாதவர் கூலியும் விமானத்தையே நம்பியிருந்தது!

எனவே, யார் எவ்வளவு தூரம் செல்கின்றனர் என்று அளந்தால் மட்டும் போதாது. யார் செல்வதற்காக யார் நிற்கின்றனர் என்று வினவுவதும் சமூகவியல் மாணவரின் கடனாகும்.