எலும்பு மருந்தை நிறுத்தினால் கவனிக்க வேண்டியவை



பொலிதேயாமாப் பக்கம் நம் தாய்மார் சந்திக்கும்போது, "எனக்கு டொக்டர் எலும்பு மருந்தை நிறுத்திவிட்டார், நீங்களும் நிறுத்துங்கோ" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வதுண்டு. இது ஆபத்தான ஆலோசனை. எலும்பு மெலிவு நோய்க்கான மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல.

குளிசை எடுப்பவர்கள்

அலென்ட்ரோனேற் போன்ற குளிசைகள் எலும்பிலே படிந்து, நிறுத்திய பின்னும் சில வருடங்கள் ஓரளவு வேலை செய்யும். ஆகவே முறிவு அபாயம் குறைந்தவர்களுக்கு ஏறத்தாழ 5 வருடங்களின் பின் வைத்தியர் ஓய்வு கொடுப்பதுண்டு. ஓய்வு என்றால் நோய் மாறிவிட்டது என்பதல்ல. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 5 வருடங்களில் நிறுத்தியவர்களுள் நூற்றுக்கு 5 பேருக்கும், 10 வருடங்கள் தொடர்ந்தவர்களுள் நூற்றுக்கு 2 பேருக்கும் வலியோடு கூடிய முதுகெலும்பு முறிவு ஏற்பட்டது. எனவே 2 அல்லது 3 வருடங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

ஊசி போடுபவர்கள்

6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி 2010இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இது எலும்பில் தங்குவதில்லை. ஊசி நின்றதும், அதுவரை அடங்கியிருந்த எலும்பைக் கரைக்கும் கலங்கள் ஒருமிக்க விழித்தெழும். சேர்ந்த பலம் 1 முதல் 2 வருடங்களில் போய்விடும். சிலருக்கு முதுகெலும்புகள் பல ஒன்றாக முறிந்துமுள்ளன. ஆதலால் மாற்று மருந்தின்றி இதை நிறுத்தக் கூடாது.

பெப்ரவரியில் ஊசி போட்டவருக்கு அடுத்தது ஆகஸ்டில் வரும். அது நல்லூர்த் திருவிழாக் காலம். ஊருக்குப் போய் ஒக்ரோபரில் திரும்பினால் 2 மாதம் பிந்திவிடும். ஒரு மாதத்துக்கு மேல் பிந்தவே விடாதீர்கள். பயணச்சீட்டு எடுக்குமுன் வைத்தியரோடு பேசுங்கள். பல் பிடுங்குவதற்காகவும் தாமாக நிறுத்த வேண்டாம்.

நிறுத்திய பின்

1. குடும்ப வைத்தியரிடம் துண்டு பெற்று, மொக் எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையை அவர் சொல்லும் காலத்தில் செய்யுங்கள்.
2. எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும் சி.ரி.எக்ஸ். இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.
3. வருடந்தோறும் உயரத்தை அளந்து எழுதுங்கள். 2 சென்ரிமீற்றர் குறைந்தாலோ, திடீரென முதுகு வலித்தாலோ வயதின் குணம் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மருந்தின் பெயர், கடைசியாக எடுத்த திகதி, அடுத்த பரிசோதனைத் திகதி ஆகிய மூன்றையும் நாட்காட்டியில் எழுதி, இத்தாலி மொழி தெரிந்த பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.