மலையேறும் வண்டியில் ஏ.சி.: கையால் இயக்குவதும் தானே இயங்குவதும்

சித்தரேவிலிருந்து பெரும்பாறைக்குச் சரக்கெடுக்கச் செல்லும் நம் வணிகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அடிவார வெயிலுக்கு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு புறப்பட்ட வண்டியில், மேலே மேகம் இறங்கிய வளைவில் முன்கண்ணாடி திடீரென வெள்ளையாக மூடிக்கொள்கிறது. துணியால் துடைத்தால் மறுகணமே மீண்டும் மூடுகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானைத் தொடுவது என்று தெரிந்திருப்பது அவசியம்.

கடையில் குளிர்பானம் வைக்கும் பிரிட்ஜ் எப்படியோ அப்படித்தான் கார் ஏ.சி.யும். கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. அதன் சூடு ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெளியேறுகிறது. பிறகு அது டேஷ்போர்டின் உள்ளே இருக்கும் எவாப்பரேட்டரில் விரிந்து குளிர்கிறது. அதன் மேல் காற்று வீசும்போது காற்றிலுள்ள ஈரம் நீராகி வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. ஆகவே ஏ.சி. குளிர வைப்பது மட்டுமல்ல, காற்றை உலர்த்தவும் செய்கிறது. பெட்ரோல், டீசல் வண்டிகளில் கம்ப்ரசரைச் சுற்றுவது என்ஜின்தான். பாரத்தோடு ஏறும்போது இழுவை குறைவது அதனால்தான்.

கையால் இயக்கும் வகையில் வெப்பம், விசிறி வேகம், காற்றின் திசை மூன்றையும் நாமே திருகுகிறோம். வெப்பத் திருகு எத்தனை டிகிரி என்று அறியாது. ஹீட்டர் உள்ள வண்டியில், என்ஜினின் சூடான நீர் ஓடும் குழாய்க்கட்டு வழியாக எவ்வளவு காற்று செல்ல வேண்டும் என்று ஒரு தடுப்புத் தகட்டை நகர்த்துவதே அதன் வேலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளியே சுமார் 6 டிகிரி குறையும். அதற்கேற்ப நாம்தான் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

தானே இயங்கும் வகை 1964ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. 24 என்று வைத்துவிட்டால் உள்வெப்பம், வெளிவெப்பம், வெயில் ஆகியவற்றை உணர்கருவிகள் அளந்து சொல்ல, தகட்டையும் விசிறியையும் அதுவே மாற்றிக்கொள்ளும். 16 என்று வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கொதிக்கும் காருக்குள் 24 வைத்தாலும் அது முழு வேகத்தில்தான் தொடங்கும். வெயிலை அளக்கும் சிறு குமிழ் பெரும்பாலும் டேஷ்போர்டின் மேல் இருக்கும். அதன் மீது பில் புத்தகத்தையோ பிள்ளையார் சிலையையோ வைத்துவிட்டு, மெக்கானிக்கிடம் போய்ப் பயனில்லை.

இனி கண்ணாடி விஷயம். வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பனி போய்விட்டால் அது வெளிப்புறத்தது. குளிர்காற்று கண்ணாடியில் படாமல் திருப்பினால் போதும். போகாவிட்டால் உட்புறத்தது, நம் மூச்சும், நனைந்த உடையும், பின்னால் ஏற்றிய ஈரமான வாழைத்தாரும் தந்த ஈரம். இதற்கு உட்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விட வேண்டும், ஏ.சி. ஓட வேண்டும், வெப்பத்தைக் கூட்டிக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். குளிர்கிறதே என்று ஏ.சி.யை அணைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தானியங்கி வகையில் முன்கண்ணாடிப் படமுள்ள பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் இவை எல்லாம் தாமே நடக்கும். எனினும் உட்சுழற்சி விளக்கு அணைந்ததா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உட்சுழற்சியிலேயே நெடுநேரம் சென்றால் நாம் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப வந்து தூக்கம் சொக்கும். இரவில் சந்தை வாசலில் என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் உறங்குவது அதைவிட ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. உள்ளே புகுந்த அந்த வாயுவை எந்த வகை ஏ.சி.யும் அகற்றாது.

லாரி வைத்திருப்போர் கவனிக்க: மூன்றரை டன்னுக்கு மேல் மொத்த எடையுள்ள சரக்கு வண்டிகள் 1.10.2025 முதல் ஏ.சி. கேபினுடனேயே தயாரிக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. புது வண்டி எடுப்போர் ஓட்டுநரையும் உடன் அழைத்துச் சென்று, கண்ணாடிப் பொத்தான் எது, உட்சுழற்சி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் செய்யலாம். வடிகட்டி எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் மூட்டை ஏற்றும் வண்டியில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.