ஐந்து முறை சரியாக வந்தால் போதுமா?

எண் அமைப்பு ஒன்றைத் தொடரச் சொன்னால், மூன்று நான்கு உறுப்புகளைப் பார்த்ததுமே மாணவர்கள் விதியைச் சொல்லிவிடுகிறார்கள். நாமும் பல நேரங்களில் ‘சரி’ போட்டு நகர்ந்துவிடுகிறோம். “எப்போதும் அப்படியே வருமா?” என்ற கேள்வியை எழுப்ப, எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும் எண் 4294967297.

முதலில் வாசிக்கச் சொல்வேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இடமதிப்புக்கு இதுவே நல்ல பயிற்சி.

பிறகு அந்த எண் வந்த வழி. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசையில் வருபவை எல்லாம் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அடுத்த அடுக்கு 32. அதில் கிடைப்பதுதான் நம் எண்.

வகுபடும் தன்மை விதிகளை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும். கடைசி இலக்கம் 7. எனவே 2, 5 இல்லை. இலக்கங்களின் கூடுதல் 59; 3 இல்லை. ஒன்றுவிட்ட இலக்கங்களின் கூடுதல்கள் 21, 38, வித்தியாசம் 17, 11-உம் இல்லை. 7, 13 ஆகியவற்றால் வகுத்தாலும் மீதி வரும். இந்த இடத்தில் வகுப்பு சோர்ந்து, “பகா எண்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிடும். அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். முழுமையாகச் சோதிக்க 65536 வரை உள்ள 6542 பகா எண்களாலும் வகுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

1732-இல் ஆய்லர் இதற்குக் குறுக்குவழி கண்டார். இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தால் 641 பெற்ற குழுவுக்கு மீதி பூச்சியம்; ஈவு 6700417. விதியை நிறுவாமல் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டுதான். ஆனால் மீதி பூச்சியம் என்று கையால் கண்டபின் அந்த விதியின் துணை தேவையில்லை.

641, 6700417 இரண்டும் பகா எண்கள். ஆகவே நம் எண் ஒரு பகு எண்; அதற்குக் காரணிகள் நான்கே. அவற்றைப் பட்டியலிடச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பில் ஒருங்கிசைவு மட்டு நடத்தும்போது இதே எண்ணை மீண்டும் எடுக்கலாம். நீள் வகுத்தலே வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே மட்டு 641-இல் 5 × 2⁷ ≡ –1. நான்காம் அடுக்குக்கு உயர்த்த, 5⁴ × 2²⁸ ≡ 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ ≡ –2⁴. பிரதியிட, –2³² ≡ 1. அதாவது 2³² + 1 என்பது 641-ஆல் வகுபடும்.

“அப்படியானால் அடுத்த எண்?” என்று யாராவது கேட்பார்கள். அதுவும் பகு எண்தான். 65537-க்குப் பிறகு இவ்வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இல்லவே இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை.