வராத விருந்தாளி



ரகு, கைபேசியில் சூதாடச் சட்டம் இடம் கொடுத்துவிட்டால் பழைய காசினோக்களின் கதி என்னவாகும் என்று கேட்டிருந்தாய். கல்லூரிக் கட்டுரைக்காகத்தான் கேட்கிறாயா, வேறு சபலம் ஏதேனும் உண்டா என்று உன் அம்மா என்னிடம் தனியே விசாரித்தாள். கட்டுரைக்குத்தான் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொதுப்பட எதையாவது சொல்வதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்பது உத்தமம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்துக் கடலோரத்தில், மரப்பலகை பாவிய நடைபாதைக்குப் பேர்போன அட்லாண்டிக் சிட்டி என்ற உல்லாச ஸ்தலம், ஜனங்கள் விமானமேறி வேறு இடங்களுக்குப் போகப் பழகிவிட்டபடியால் க்ஷீணித்துக் கிடந்த காலத்தில், அதைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே 1976-இல் வாக்கெடுப்பு நடத்தி, மாகாணத்தில் அந்த ஒரே ஊருக்கு மட்டும் காசினோ நடத்தும் உரிமையை வழங்கினார்கள். 1978 மே மாதத்தில் முதல் காசினோ விடுதி திறந்தது. 2006-இல் விடுதிகளின் வருமானம் 520 கோடி டாலரைத் தொட்டது. அதே ஆண்டில் பக்கத்து மாகாணமான பென்சில்வேனியாவும் காசினோக்களைத் திறக்க, சரிவு ஆரம்பமாயிற்று.

இணையச் சூதாட்டம் அங்கே தொடங்கியது 2013 நவம்பரில். அடுத்த ஆண்டிலேயே நான்கு விடுதிகள் மூடப்பட்டுச் சுமார் 8,000 பேர் வேலையிழந்ததைக் காட்டி, பழியைக் கைபேசியின் தலையில் போடுகிறவர்கள் உண்டு. அது நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம். நோய் ஏழெட்டு வருஷம் முந்தியது.

சட்டத்தை அவர்கள் வகுத்த விதத்தில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. காசினோ ஆட்டம் அட்லாண்டிக் சிட்டிக்குள் மட்டுமே என்பது மாகாணத்தின் அரசியல் சாசனம். இணையமோ எல்லா ஊரிலும் இருக்கிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? பந்தயத்தை ஏற்கும் கணினி அட்லாண்டிக் சிட்டியில் இருக்கவேண்டும், ஆட்டம் அங்கேயே நடந்ததாகப் பாவிக்கப்படும் என்று எழுதிவிட்டார்கள். அதே மாகாணத்து நூவர்க் நகரத்தில் ஒருவன் கட்டிலில் போர்வைக்குள் படுத்தபடி விரலால் தட்டினாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவன் கடற்கரை விடுதியின் மேஜை முன்னே உட்கார்ந்திருக்கிறான்! ஹட்சன் நதியின் அக்கரையில், நியூயார்க்கில் நின்று தட்டினால் கைபேசி மறுத்துவிடும். பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்தால் அதே கைபேசி அனுமதிக்கும்.

லைசென்ஸும் அந்த ஊர்க் காசினோ முதலாளிகளுக்கே. அவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளாமல் வெளிக் கம்பெனி எதுவும் நுழைய முடியாது. ஆகையால் முதலாளிகள் இணையத்தை எதிரியாகக் கருதாமல் இன்னொரு கல்லாப்பெட்டியாக வரவேற்றார்கள். 2024-இல் விடுதிக்குள் ஆடியவர்களிடம் வந்தது சுமார் 280 கோடி டாலர்; இணையத்தில் ஏறத்தாழ 239 கோடி. இரண்டாவது தொகையில் மென்பொருள் நடத்தும் கூட்டாளிகளுக்குப் பங்கு போகவேண்டும் என்பதையும் மறந்துவிடாதே.

சர்க்கார் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை: விடுதி வருமானத்துக்கு 8 சதவீதம், இணையத்துக்கு 15 சதவீதம் என்று வரி வைத்து, 2025 ஜூலையில் பின்னதை 19.75 ஆக உயர்த்தியது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். விடுதிக்கு வருகிறவன் தோற்றாலும் அறை வாடகை கொடுக்கிறான், ராத்திரி சாப்பிடுகிறான், கார் நிறுத்துகிறான், பரிமாறுகிறவனுக்குக் கைக்காசு வைக்கிறான். போர்வைக்குள் இருப்பவனால் அந்த ஊரில் ஒரு தட்டுகூடக் கழுவப்படுவதில்லை. இணைய ஆட்டத்துக்கென்று அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஸ்டூடியோவும் உண்டு. அங்கே ஒரு பெண், எதிரே நாற்காலியில் ஒருவருமில்லாமல், காமிராவைப் பார்த்துப் புன்னகைத்து, நிஜச் சீட்டுகளைக் கலைத்து நிஜ மேஜையில் போடுகிறாள். ஆடுகிறவர்கள் மாகாணம் முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள். சட்டம் ஆளை ஊருக்குள் வந்ததாகப் பாவித்ததே தவிர, அழைத்து வரவில்லை.

உன் கட்டுரையில் வருமானப் பட்டியலைப் போடும்போது, பக்கத்திலேயே இன்னொரு பத்தியை விட்டுவைத்து, அந்த ஊர்ச் சமையற்காரர்களும் அறை பெருக்குகிறவர்களும் எத்தனை பேர் என்று வருஷவாரியாகத் தேடி எழுது. பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பு.