ஒரு தரவுத் திட்டமும் பல கருவிகளும்



தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு குழாய் வராத காலத்தில் நாம் சிறுவராயிருந்தோம். லயத்தின் கோடியில் ஒரே ஒரு பொதுக்குழாய் இருக்கும். விடியற்காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் மட்டுமே நீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, நம் முறை வருமுன் பள்ளி மணி அடித்துவிடுமோ என்று அஞ்சி நின்ற நாள்கள் பல. அக்குழாயடிப் பூசல்களை எழுதப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. அவற்றை விடுப்போம்.

இன்று வீடுதோறும் நீர் வருகின்றது. ஆனால் பொதுக்குழாய் வேறு உருவில் வீட்டுக்குள் வந்துவிட்டது. தந்தையாரின் திறன்பேசியில் ஒரு சிம் அட்டை; அதில் மாதத்திற்கு இவ்வளவு என்று ஒரு தரவுத் திட்டம். அதிலிருந்துதான் அண்ணனின் மடிக்கணினிக்கும் தங்கையின் தட்டைக் கணினிக்கும் அம்மாவின் பழைய செய்பேசிக்கும் இணையம் செல்ல வேண்டும். இதனைச் செய்யும் வசதியை ஹாட்ஸ்பாட் என்கிறோம். பெயரை அறியாத பிள்ளை நம் பள்ளியில் இல்லை. அஃது எவ்வாறு இயங்குகின்றது, எவ்வளவு தீர்க்கின்றது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

திறன்பேசிக்கு இரண்டு கைகள் உள்ளன என்று கொள்ளுங்கள். ஒரு கை, தொலைத்தொடர்புக் கோபுரத்தைப் பற்றியிருக்கின்றது. மறு கை வைஃபை அலைகளால் அருகிலுள்ள கருவிகளைப் பற்றுகின்றது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பதே ஹாட்ஸ்பாட்டின் தொழில். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் மின்கலம் விரைவில் தீரும், கருவியும் சூடேறும். வைஃபைக்குப் பதிலாக யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்தும் கொடுக்கலாம். அப்போது கணினியே திறன்பேசிக்கு மின்னூட்டவும் செய்யும். புளூடூத் வழியும் உண்டு. மின்சாரம் குறைவாகவே செலவாகும், ஆனால் வேகமும் குறைவு.

நான்கு கருவிகள் கேட்டவை யாவும் ஒரே திறன்பேசிக்கு வந்து சேரும்போது, எது எவருடையது என்று அஃது எவ்வாறு அறிகின்றது? முற்காலத்தில் நமக்கு வரும் கடிதங்களில் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. அஞ்சல் எல்லாம் அலுவலகத்துக்கு வரும். கிராணியார் பெயரைப் பார்த்து, இஃது இன்ன லயத்து இன்ன வீட்டுக்குரியது என்று பிரித்துக் கொடுப்பார். வெளியுலகுக்கு ஒரே முகவரி. உள்ளே பல வீடுகள். திறன்பேசியும் அவ்வாறே. தனக்கு வாய்த்த ஒரே இணைய முகவரியை வெளியே காட்டிக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரி ஒன்றை வழங்குகின்றது. எக்கருவி எதைக் கேட்டது என்று ஒரு பதிவேடும் வைத்திருக்கின்றது. வந்ததைப் பதிவேட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கின்றது.

இதிலிருந்து ஒன்றை நீங்களே ஊகிக்கலாம். உங்கள் ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து பிறனொருவன் தகாத செயல் செய்தால், வெளியே தெரிவது உங்கள் முகவரியே. எனவே கடவுச்சொல் வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையாமல் வைக்குமாறு கருவியே கேட்கும். அதற்காக ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்களை இடுபவரும் உளர்! அது கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதாகும்.

தரவுத் திட்டம் வாங்குமுன் பெற்றோர் கேட்டறிய வேண்டியது ஒன்றுண்டு. 'வரம்பற்ற இணையம்' என்று விளம்பரமாகும் திட்டங்கள் சிலவற்றில், திறன்பேசியில் பார்ப்பதற்கே வரம்பில்லை. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு குறித்திருப்பர். பிற கருவிக்குப் பகிர்வது நிறுவனத்திற்கு எப்படித் தெரியும் என்று ஒரு தந்தையார் நம்மிடம் வினவினார். நல்ல வினா. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் ஓர் எண் இருக்கும். திறன்பேசிகள் பொதுவாக 64 என்றும் விண்டோஸ் கணினிகள் 128 என்றும் இட்டு அனுப்பும். இடையே உள்ள கருவி ஒன்று அப்பொதியை மேலே அனுப்பும்போது எண்ணில் ஒன்று குறையும். திறன்பேசியிலிருந்து நேரே வந்தது 64 ஆக வரும். கைமாறி வந்தது 63 ஆகவோ 127 ஆகவோ வரும். கண்டறியும் வழிகளுள் இஃதொன்று. ஒரே திட்டத்தின் அளவைப் பல சிம் அட்டைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பத் திட்டங்களும் உள்ளன. தந்தையார் வேலைக்குச் சென்ற பின்னும் பிள்ளைகளுக்கு இணையம் வேண்டுமெனில் அவையே ஏற்றவை.

இவ்விடத்தில் நம் பிழை ஒன்றை எழுதியாக வேண்டும்.

2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் பள்ளித் தவணையும் சனவரி 20 ஆம் நாள் இல்லிருப்புக் கற்றலாகவே தொடங்கியது. நாமும் நம் ஆசிரியர்களும் காலை எட்டு மணிக்கு நேரலை வகுப்பு வைத்தோம். ஒளிப்படக்கருவியை எல்லாரும் திறந்து வைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டோம். பிள்ளைகளின் முகம் காணாமல் பாடம் நடத்த நமக்கு மனம் வரவில்லை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் வாரம் வந்தாள், பிறகு வரவில்லை. 'வரவில்லை' என்றே பதிவேட்டில் குறித்து வந்தோம். பத்து நாள் கழித்தே அவள் தந்தையாரை அழைத்தோம்.

"ஐயா, மூன்று பிள்ளைகளுக்கும் என் போன் ஒன்றுதான். முதல் வாரம் எனக்கு வேலையில்லை, வீட்டில் இருந்தேன். இப்போது காலையில் குலை வெட்டப் போகிறேன்; போனும் என்னோடு வந்துவிடுகிறது. மாலையில் கொண்டுவந்து கொடுத்தாலும் டேட்டா முடிந்துவிட்டது. பெரியவன் மூன்றாம் படிவம் என்பதால், மிச்சம் இருந்ததைச் சின்னவள் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள்," என்றார் அவர்.

அன்றிரவு நாம் ஒரு கணக்குப் போட்டோம். வகுப்பு தொடங்குமுன்னரே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. மாணவர்களே, தாளை எடுங்கள்.

தரவின் வேகத்தைப் பிட்டிலும் அளவைப் பைட்டிலும் கூறுவர். 8 பிட் சேர்ந்தது 1 பைட். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் ஒளிக்காட்சி, ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 நொடிகளில், 3,600 மெகாபிட் ஆகும். எட்டால் வகுக்க 450 மெகாபைட். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் எனில் 900. மூன்று பிள்ளைகளுக்கு 2,700. மாதத்தில் 20 பள்ளி நாள்களுக்கு 54,000 மெகாபைட், அதாவது 54 கிகாபைட். அவ்வீட்டின் திட்டமோ 20 கிகாபைட். ஏழு நாளில் 18,900 மெகாபைட் தீர்ந்து, எட்டாம் நாள் நடுவகுப்பில் நின்றுவிடும்.

மறுபுறம், நொடிக்கு 40 கிலோபிட் அளவில் பதிவு செய்த குரல் பாடம் பத்து நிமிடத்திற்கு 3 மெகாபைட்தான். ஒரு பிள்ளைக்கு நாளும் மூன்று பாடம் என்றாலும், மூவருக்கும் மாதம் முழுவதற்கும் 540 மெகாபைட். ஐம்பத்து நான்கு எங்கே, அரையே அரைக்கால் கூட எட்டாத இது எங்கே!

அடுத்த வாரம் முதல் நேரலையைக் குறைத்தோம். பாடத்தைக் குரலில் பதிந்து, பயிற்சித்தாளின் படத்துடன் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்பினோம். அம்மாணவி மீண்டும் வந்தாள். அவள் முகத்தை நேரில் காண்பதற்கு மேலும் பல வாரங்கள் ஆயின. பதிவேட்டில் நாம் குறித்த அப்பத்து நாள்கள் மட்டும் இன்றும் நம்மை உறுத்துகின்றன.

பெற்றோர் கவனத்திற்கு இன்னும் சில. ஹாட்ஸ்பாட் இணைப்பைத்தான் பகிர்கின்றது; பார்த்த பொருளைப் பகிர்வதில்லை. ஒரே காணொளியை மூன்று பிள்ளைகள் மூன்று கருவியில் பார்த்தால் மூன்று மடங்கு செலவாகும். ஒரு முறை இறக்கி வைத்து, கருவியிலிருந்து கருவிக்குப் புளூடூத் வழி அனுப்பினால் தரவுத் திட்டத்தில் கடுகளவும் குறையாது.

மடிக்கணினியிடம் இன்னும் விழிப்பு வேண்டும். அது வீட்டு இணையத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, நாம் உறங்கும்போது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். இரவல் மடிக்கணினி ஒன்றை நாமே இவ்வாறு இணைத்து விட்டுவிட்டு, காலையில் மாதத் தரவில் பெரும்பகுதியை இழந்தோம். விண்டோஸ் கணினியில், அவ்வைஃபை இணைப்பு அளவுக்குட்பட்டது என்று குறிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதனை இயக்கிவிட்டால் பெரிய புதுப்பிப்புகள் பெரும்பாலும் காத்திருக்கும். வகுப்பு நடக்கையில் தந்தையாருக்கு அழைப்பு வந்து இணையம் அறுந்தால், திறன்பேசியில் வோல்ட்டி வசதி இயங்குகின்றதா என்று பாருங்கள். அது இல்லாத கருவி, அழைப்பை ஏற்க 2ஜி அலைக்கு இறங்கும், தரவு நின்றுவிடும்.

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு கணக்கு. ஒரு வீட்டில் 30 கிகாபைட் திட்டம்; பிள்ளைகள் மூவர்; பள்ளி நாள்கள் 20. மேலே கூறிய 1 மெகாபிட் ஒளிக்காட்சியை ஒவ்வொருவரும் நாளுக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம்? விடையைக் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். பின்னர், சென்ற மாதம் உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்று, தந்தையாரின் திறன்பேசியில் அவரோடு அமர்ந்து பாருங்கள்.